‘காசு வாங்கிக்கிட்டுதான் பூமி சூடாகுதுன்னு சொல்றாங்க’ – இந்த வாதத்தை எப்படிச் சரிபார்ப்பது?

மெட்டு ஏலம் (கம்பமெட்டு)

எல்லாருக்கும் வணக்கம். கம்பம், போடி, குமுளி, நெடுங்கண்டம்னு நம்ம பக்கத்து விவசாயிக் குழுக்கள் எல்லாத்துலயும் ஒரு வீடியோ சுத்துது. அதுல சொல்ற விஷயம் நாலு:

காலநிலை விஞ்ஞானிகள் ‘சூடாகுது’ன்னு எழுதினாத்தான் ஆராய்ச்சிப் பணம் வரும், அதனால எழுதுறாங்க. 31,000 விஞ்ஞானிகள் இதை மறுத்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உண்மைக் காரணம் சூரியன். வெப்பமானிக் கணக்கையே திருத்தி வெளியிடுறாங்க.

கடைசியா, 2024 கோடையில உடும்பன்சோலை பக்கம் ஏலச்செடி கருகினதுக்கும் காலநிலைக்கும் சம்பந்தமே இல்ல, எல்லாம் நிழல் மரத்துல கை வைக்க விடாம பண்ற தந்திரம்னு முடிக்கிறாங்க. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு பத்தின காட்கில் அறிக்கை வந்ததுல இருந்தே இந்த மலையில விஞ்ஞானின்னா முதல் கேள்வி ‘எவன் காசு?’ங்கிறதுதான். அதனால இந்தப் பேச்சு சுலபமா எடுபடுது.

சங்கக் கூட்டத்துல இதைப் பேசணும். பணம் ஆய்வை வளைக்குமா, வளைச்சதுக்கு ஆதாரம் உண்டா, ஒரு ஆய்வுக் கட்டுரை கையில கிடைச்சா நம்மள மாதிரி ஆளு அதை எப்படிப் பார்க்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சிச் சண்டை வேண்டாம்.

போடி வாசகன்

பணம் ஆய்வை வளைக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். அது எந்த இடத்தில் புகுந்து வளைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் வீடியோவுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் காலநிலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கு. 1967-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எழுதி, பெரிய மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, இதய நோய்க்குச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பின் மேல் பழியைப் போட்டது. அதற்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது என்பது 2016-ல்தான் வெளியே வந்தது. கட்டுரையின் நோக்கத்தைப் பணம் கொடுத்தவர் முடிவு செய்தார். வரைவும் அச்சுக்குப் போகும் முன் அவர் கைக்குப் போனது. அவர் பெயர் மட்டும் கட்டுரையில் இல்லை. இந்த மூன்று தடயங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலநிலையில் இதே தடயங்கள் உள்ள ஆள் வில்லி சூன். ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் இருந்தவர். ‘சூடாவதற்குச் சூரியன்தான் காரணம்’ என்பது அவருடைய வாதம். வீடியோவின் மூன்றாவது பாயிண்டே அங்கிருந்து வருவதுதான். தகவல் சட்டத்தில் வாங்கிய ஆவணங்கள் 2015 பிப்ரவரியில் வெளியாயின. சுமார் பத்தாண்டில் எண்ணெய், நிலக்கரி, மின்சார நிறுவனங்கள் தரப்பிலிருந்து 12 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியிருந்தார். சதர்ன் கம்பெனி என்ற மின் நிறுவனம் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். 2008-க்குப் பிறகு வந்த 11 கட்டுரைகளிலாவது இதைச் சொல்லவில்லை. நிறுவனத்துக்கு அனுப்பிய அறிக்கைகளில் தன் கட்டுரைகளை ‘ஒப்படைக்க வேண்டிய சரக்கு’ என்ற பொருளில் குறிப்பிட்டிருந்தார். கட்டுரை நகலை முன்கூட்டியே நிறுவனத்துக்குக் காட்டவேண்டும், அனுமதியில்லாமல் நிறுவனத்தின் பெயரை வெளியிடக்கூடாது என்ற ஷரத்துகளும் ஒப்பந்தத்தில் இருந்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது ஆய்வு மையம். ஆகவே இதில் தனி ஆளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பணம் வாங்கியதாலேயே அவர் சொன்னது பொய் ஆகிவிடாது. அதைத் தனியாகச் சோதிக்கவேண்டும். சோதிக்கலாம், சுலபம். சூரியனிலிருந்து வரும் ஆற்றலைச் செயற்கைக்கோள்கள் 1978-லிருந்து அளக்கின்றன. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர நீண்டகால ஏற்றம் இல்லை. அதே காலத்தில்தான் பூமியின் சராசரி வெப்பம் வேகமாக ஏறியது. இன்னொன்று, சூரியன் காரணமென்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். கீழ் அடுக்கு சூடாகி மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்திருக்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும். சூரியப் பதிவு வெள்ளைக்காரனிடம் மட்டும் இருப்பதும் இல்லை. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-லிருந்து நடக்கிறது, நூறாண்டுக்கு மேல் எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன.

31,000 கையெழுத்து விஷயம்: 1998-ல் ஆரம்பித்த ஆரிகன் மனு. மொத்தம் 31,487 பேர். அறிவியலில் இளங்கலைப் பட்டம் இருந்தால் கையெழுத்துப் போடலாம். பொறியாளர், மருத்துவர், கால்நடை மருத்துவர் எல்லாம் உண்டு. அவர்கள் கணக்குப்படியே காலநிலைத் துறை என்று போட்டவர்கள் 39 பேர். கூட அனுப்பிய கட்டுரையை அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழ் போலவே அச்சடித்திருந்தார்கள். அந்தக் கழகம் ‘எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று அப்போதே அறிக்கை விட்டது. முன்னுரைக் கடிதம் எழுதிய பிரெடரிக் சைட்ஸ் ஒரு காலத்தில் அந்தக் கழகத்தின் தலைவர். பிறகு ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனியின் ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஆலோசகராக இருந்தவர்.

குமுளி சீனி

ஒரு பக்கக் கதையா இருக்கே அண்ணே. கம்பெனிக்காரன் காசு மட்டும்தான் காசா? அரசாங்கக் காசும் காசுதான். ‘ஆபத்து ஒண்ணும் இல்ல’ன்னு எழுதுறவனுக்கு அடுத்த புராஜெக்ட் எவன் தருவான்?

முல்லைப் பெரியாறு அணையிலேயே பார்த்தோம். கேரளா அமர்த்தின நிபுணர் அணை பலவீனம்பார், தமிழ்நாடு அமர்த்தினவர் பலம்பார். ரெண்டு பேரும் படிச்சது ஒரே பாடப்புத்தகம். அப்புறம் நான் எதை நம்ப?

ஐ.நா.வோட காலநிலைக் குழு சொல்லலையா, இமயமலைப் பனியெல்லாம் 2035-ல உருகிப் போயிரும்னு? பொய்னு ஆச்சு. இங்கயும் அதேதான். ஏலம் குறைஞ்சா காலநிலை, மண் சரிஞ்சா காலநிலை. நிழலைக் கழிச்சு, ஞள்ளானி ரக ஏலத்துக்கு உரத்தைக் கொட்டி, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மருந்தடிச்சு மண்ணைக் கெடுத்ததை யாரும் எழுத மாட்டாங்க. எழுதினா மருந்துக் கம்பெனி புராஜெக்ட் போயிரும்.

போடி வாசகன்

சீனி, 2035 பற்றி நீங்கள் சொன்னது சரி. 2007 அறிக்கையில் வந்த தவறு. துறை வல்லுநர்கள் மதிப்பிட்ட கட்டுரையிலிருந்து எடுக்காமல், ஒரு தொண்டு நிறுவன அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கைக்கு மூலம் 1999-ல் ஒரு பத்திரிகையில் வந்த பேட்டிச் செய்தி. 2010 ஜனவரியில் தவறென்று ஒப்புக்கொண்டு நீக்கினார்கள். பனி உருகுவது வேறு, 2035 என்ற தேதி வேறு. தேதிதான் பொய்யானது. அந்த அறிக்கைகளை எழுதுகிற விஞ்ஞானிகளுக்கு ஐ.நா. குழு சம்பளம் கொடுப்பதில்லை. சுருக்க அறிக்கையை வரிக்கு வரி ஒப்புக்கொள்ளும் அரசுகளில் சவூதி அரேபியாவும் உண்டு.

பெரியாறு உதாரணம் அருமை. என் பதிலுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே பணம் கொடுப்பவர் மாறினால் முடிவு மாறியது. அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2010-ல் நீதிபதி ஆனந்த் தலைமையில் ஐவர் குழு போட்டு, மத்திய ஆய்வு நிறுவனங்களை வைத்துத் தனியாகச் சோதனை செய்ய வைத்தது. 2014 மே 7 தீர்ப்பு வந்தது. சரி, காலநிலையில் பணம் கொடுப்பவர் மாறியபோது எண் மாறியதா? பார்க்கலாம்.

ரிச்சர்டு முல்லர் என்ற பெர்க்லி இயற்பியலாளர், வெப்பமானிக் கணக்கை நம்பாதவர். புதிதாக ஒரு குழு அமைத்துக் கோடிக்கணக்கான பதிவுகளை முதலிலிருந்து கணக்குப் போட்டார். பணம் கொடுத்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளை, 1,50,000 டாலர். எண்ணெய்த் தொழில் குடும்பம், காலநிலை மறுப்பாளர்களுக்கு வாரி வழங்கியவர்கள். முடிவு 2011, 2012-ல் வந்தது: 250 ஆண்டில் நிலப்பகுதி சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதன். பழைய அரசுக் கணக்குகளோடு ஒத்துப்போனது.

எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977-லிருந்து நிர்வாகத்துக்குள் கொடுத்த கணிப்புகளை 2023-ல் வெளி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பத்தாண்டுக்கு சுமார் 0.2 டிகிரி ஏறும் என்று அந்தக் கம்பெனி விஞ்ஞானிகள் கம்பெனிக் காசில் கணக்குப் போட்டிருந்தார்கள். அப்படியே நடந்தது. வெளியே மட்டும் ‘இன்னும் உறுதியில்லை’ என்று விளம்பரம் கொடுத்தது கம்பெனி.

அமெரிக்காவின் அலபாமாவில் ஸ்பென்சர், கிறிஸ்டி இருவரும் ஆபத்தை மிகைப்படுத்துகிறார்கள் என்று சொல்கிறவர்கள். ஆனால் பல்லாண்டுகளாக நாசா போன்ற அரசு நிதியில்தான் செயற்கைக்கோள் வெப்பக் கணக்கு வெளியிடுகிறார்கள். ‘மறுத்து எழுதினால் அரசு நிதி வராது’ என்பதற்கு இவர்களே பதில். ஆரம்பத்தில் அவர்கள் கணக்கில் சூடே தெரியவில்லை. செயற்கைக்கோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998-ல் வேறு குழு காட்டியது. 2005-ல் இன்னொன்று பிடிபட்டது: செயற்கைக்கோள் கடக்கும் நேரம் தள்ளிப்போவதற்கான திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறி மாறியிருந்தது. இன்று அவர்கள் கணக்கிலும் பத்தாண்டுக்கு சுமார் 0.15 டிகிரி ஏற்றம்.

ஆராய்ச்சி மானியம் பெரிய வியாபாரமாக ஆகாத காலத்தையும் பாருங்கள். 1938-ல் காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர், ஓய்வு நேரத்தில் 147 வானிலை நிலையங்களின் கணக்கைக் கையால் கூட்டிப் பூமி சூடாகிறது என்று எழுதினார். அவருக்கு எவனும் காசு கொடுக்கவில்லை, சக விஞ்ஞானிகளே நம்பவும் இல்லை. 1958-ல் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாயில் கரியமில வாயு அளக்கத் தொடங்கியபோது 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் 315 பங்கு), இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பதிவு 1964-ல் கொஞ்ச காலம் நின்றுபோனது, நிதியை வெட்டியதால். அமெரிக்க அதிபர் புஷ் காலத்தில் வெள்ளை மாளிகையில் காலநிலை அறிக்கைகளைத் திருத்திய பிலிப் கூனி, முன்பு எண்ணெய்த் தொழில் சங்கத்தின் ஆள். 2005-ல் விஷயம் வெளியானதும் பதவி விலகி எக்ஸானில் சேர்ந்தார். அரசுப் பணம் ஒரே திசையில் தள்ளுகிறது என்பதற்கு இது ஒத்துவரவில்லை.

நம் நாட்டுக் கணக்கு: புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை இந்தியச் சராசரி சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. நிலக்கரியில் ஓடும் நாட்டின் அரசு, தனக்குச் சங்கடமான எண்ணைத் தானே வெளியிடுகிறது.

ஏலம் பற்றிச் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். நிழல் குறைந்தால் அதே வெயில் இன்னும் கடுமையாகத் தாக்கும், மண்ணின் ஈரமும் நிற்காது. ஒரு தோட்டத்தில் ஒரு வருட விளைச்சல் விழுந்ததற்குக் காலநிலை மட்டும் காரணம் என்று எவராவது எழுதினால், நிழலையும் நீரையும் மருந்தையும் எப்படிப் பிரித்தார் என்று கேளுங்கள். பிரிக்கவில்லை என்றால் தூக்கிப் போடலாம்.

நிர்வாகி

பெரியாறு அணைக்குத் தனி இழை இருக்கு. இங்கே இத்தோட போதும், சாமிகளா.

வண்டன்மேடு ராசு

கட்டுரை கைக்கு வந்தா எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்டதுக்கு மட்டும் பதில்.

வீடியோவுல ‘ஒரு ஆய்வு சொல்லுது’ன்னு வந்தா முதல்ல டி.ஓ.ஐ. எண் (கட்டுரையோட அடையாள எண்) கேளுங்க. 10-ல ஆரம்பிக்கும். அது இல்லைன்னா முக்கால்வாசி அங்கேயே கதை முடிஞ்சது. எண்ணைப் போட்டுப் பக்கத்தைத் திறந்து நேரா கடைசிக்குப் போங்க. ‘நிதி’, ‘நலமுரண்’ (முடிவை வளைக்கக்கூடிய சொந்த ஆதாயம்), ‘ஆசிரியர் பங்களிப்பு’ன்னு பெரும்பாலும் மூணு பத்தி இருக்கும். நிதிப் பத்தியில யார் பணம்னு பாருங்க. ‘ஆய்வுத் திட்டத்திலும் வெளியிடும் முடிவிலும் நிதி கொடுத்தவருக்குப் பங்கில்லை’ன்னு ஒரு வரி இருக்கான்னு அடுத்துப் பாருங்க. அந்த வரிதான் முக்கியம். நலமுரண் ‘எதுவும் இல்லை’ன்னு இருந்தா, அதே ஆசிரியரோட முந்தைய அஞ்சாறு கட்டுரையில நிதிப் பத்தியை ஒப்பிட்டுப் பாருங்க. ஓப்பன்அலெக்ஸ்ங்கிற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்துல பேரைப் போட்டா இலவசமா வரும். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கிட்டாங்களான்னு ரிட்ராக்ஷன் வாட்ச் பட்டியல்ல தேடலாம்.

நம்ம பக்கம் ஆராய்ச்சின்னா மயிலாடும்பாறையில ஸ்பைசஸ் போர்டோட ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம், பாம்பாடும்பாறையில கேரள வேளாண் பல்கலை நிலையம். ரெண்டுமே பொது அமைப்பு, ரெண்டுக்கும் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். முன்னது மத்திய அரசு, ஆன்லைன்லயே போடலாம். பின்னது மாநிலம். கட்டணம் 10 ரூபாய். மனு இங்கிலீஷ்லயோ மலையாளத்துலயோ இருந்தா இழுத்தடிக்க மாட்டாங்க. 30 நாள்ல பதில் வரணும். வரலைன்னாலோ திருப்தி இல்லைன்னாலோ அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம்.

‘கம்பெனியிடம் பணம் வாங்கினீர்களா’ன்னு கேட்டா உருப்படியா பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்க: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை தனியார் நிறுவனங்களோட போட்ட சோதனை ஒப்பந்தங்களின் நகல், ஒவ்வொன்றுக்கும் பெற்ற தொகை, முடிவை வெளியிடும் உரிமை யாருக்குன்னு சொல்ற ஷரத்து, வெளியிடாத சோதனைகளின் பட்டியல். பிரிவு 8(1)(டி) வணிக ரகசியம்னு மறுக்கப் பார்ப்பாங்க. பொதுநலன் பெரிசுன்னா கொடுக்கலாம்னு அதே பிரிவுலயே இருக்கு, மேல்முறையீட்டுல அதைக் காட்டுங்க.

சோதனை முடிவு கிடைச்சா, மருந்தடிக்காத ஒப்பீட்டுப் பாத்தி இருந்துச்சா, ஒவ்வொரு முறையையும் குறைஞ்சது மூணு பாத்தியிலாவது போட்டாங்களா, எந்தப் பாத்திக்கு எதுன்னு குலுக்கிப் போட்டாங்களா, இல்ல கம்பெனிப் பாத்தி ஓடைப் பக்கமா இருந்துச்சான்னு பாருங்க. கணக்கு எல்லா எடுப்புக்குமா (காய் பறிப்புக்குமா), இல்ல நல்லா வந்த ரெண்டு எடுப்புக்கு மட்டுமாங்கிறதையும் விடாதீங்க. ஏமாத்து பெரும்பாலும் அங்கதான் நடக்கும், எண்ணுல பொய் இருக்காது.

மெட்டு ஏலம் (கம்பமெட்டு)

ரொம்ப நன்றி. நாலாவது பாயிண்ட் மிச்சம் இருக்கு, ‘வெப்பமானிக் கணக்கைத் திருத்துறாங்க’ன்னு. திருத்துறது உண்மையா? கூடவே, சங்கத்துல ஒரு மழைமானியும் வெப்பமானியும் வைக்கலாம்னு பேச்சு ஓடுது. எங்க, எப்படி வைக்கிறது?

போடி வாசகன்

திருத்துவது உண்மை, மறைத்துச் செய்வதில்லை. திருத்தாத பதிவும் பொதுவில் கிடைக்கும். வீடியோக்காரர் சொல்லாமல் விட்டது, உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் திருத்தம் சூட்டைக் குறைத்துக் காட்டுகிறது என்பதை. அந்தக் காலக் கப்பல்களில் கடல் நீரைக் கித்தான் வாளியில் மொண்டு மேலே தூக்கி வெப்பமானியை விடுவார்கள். தூக்கி முடிப்பதற்குள் ஈரத் துணியிலிருந்து நீர் ஆவியாகி, வாளி நீர் குளிர்ந்துவிடும். பிற்காலத்தில் எஞ்சினுக்கு இழுக்கும் நீரில் அளந்தார்கள், அது கொஞ்சம் சூடாகக் காட்டும். இரண்டையும் அப்படியே ஒட்டினால் பொய்யாக ஏற்றம் தெரியும். ஆகவே பழைய எண்களை உயர்த்தினார்கள், மொத்த ஏற்றம் குறைந்தது. காசுக்காகத் திருத்துகிறவன் இந்தத் திசையில் திருத்த மாட்டான்.

நிலத்தில் திருத்துவதற்குக் காரணம் உங்கள் சங்கத்திலேயே தெரிந்துவிடும். வெப்பமானியைத் தகரக் கூரை ஸ்டோர் சுவரில் மாட்டாதீர்கள், காய் உலர்த்தும் சூடுதான் பதிவாகும். தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்று புகும் சட்டம் அடித்த வெள்ளைப் பெட்டி, கதவு வடக்குப் பார்த்து, கீழே புல்தரை. கான்கிரீட் வேண்டாம். உச்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி வாங்குங்கள். கரியமில வாயுவின் வேலை இரவுக் குறைந்தபட்சத்திலும் தெரியும் என்பதால் பகல் உச்சத்தை மட்டும் எழுதினால் போதாது.

மழைமானியின் வாய் மட்டம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர். பக்கத்து மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதில் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். மலைச்சரிவில் காற்று நேராக அடிக்கிற முனையில் வைத்தால் மழை வாய்க்குள் விழாமல் குறைவாகக் காட்டும். தினம் காலை 8.30-க்கு எடுங்கள், வானிலைத் துறை நேரமும் அதுதான். விடுமுறை நாளில் எடுக்காமல் மறுநாள் சேர்த்து எழுதினால் ‘இரண்டு நாள் சேர்த்து’ என்று குறியுங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் பேய்மழை பெய்ததாகக் கணக்கில் வந்துவிடும்.

அந்த நோட்டில் இன்னொரு பத்தியும் போடுங்கள்: பக்கத்து மரம் கவாத்து செய்த நாள், பெட்டிக்கு வெள்ளையடித்த நாள், வெப்பமானி உடைந்து மாற்றிய நாள், பெட்டி இடம் மாறிய நாள். கருவியை மாற்றும்போது முடிந்தால் பழையதையும் புதியதையும் ஒரு வருடமாவது சேர்த்து ஓட விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் அரை டிகிரி வித்தியாசம் வந்தால் ஆச்சரியமில்லை. அதையும் அதே நோட்டில் எழுதிவிட்டு, பழைய எண்ணை அடித்து மாற்றாமல் பக்கத்திலேயே திருத்திய எண்ணைத் தனியாக எழுதுங்கள்.